கட்டிலில் பினாங்கு போன கோட்டு

மலேயா போய் வந்தவள் என்று தெரிந்தால் போதும். ரப்பர் மரம் பார்த்தியா, அங்கே எல்லார் வீட்டிலும் கார் இருக்காமே, பாம்பை வறுத்துத் தின்கிறாங்களாமே என்று கேட்டே உயிரை எடுக்கிறார்கள். பார்த்தேன், இல்லை, எனக்குத் தெரியாது. மூன்றுக்கும் பதில் சொல்லியாயிற்று. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நான் போன கப்பலில் மேல்தளத்தில், கூரைக்கு அடியில், ஒரு கான்வாஸ் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் என் புருஷன் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. என் புருஷன் கப்பலில் இல்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்து, ஆறு நாள் கடலில் உருண்டு, நான் பினாங்கு போய்ச் சேர்ந்தேன்.

அவர் பெயர் சவரிமுத்து. மதராஸ் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் சீட்டில் கோடு போட்டு எண்ணுகிற வேலை. கடைசியில் அந்தச் சீட்டில் இவரும் கப்பல்காரனும் கையெழுத்துப் போட வேண்டும். "என் கையெழுத்து வுழாம எந்தக் கப்பலும் நவுராது, தெரிஞ்சிக்கோ" என்று ராயபுரம் கல்மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். வீட்டில் இவர் சொன்னால் பூனைகூட நகராது.

நான் லூர்துமேரி. திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று ராயபுரத்தில் பேச்சு. இருபது வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

அந்தக் கப்பல் கம்பெனிக்காரன் ஒரு தூண்டில் போட்டிருந்தான். ஒரு அட்டை கொடுப்பான். கப்பல் பயணம் ஒன்றுக்கு அதில் ஒரு முத்திரை. இரண்டு வருஷத்துக்குள் பத்து முத்திரை விழுந்துவிட்டால் நீங்கள் சாதாரண ஆள் இல்லை, நிலைப் பயணி. சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை ஒன்று தருவான். வில்லை இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். மற்ற ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாகத் திறந்த தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும்போது உங்களுக்குக் கூரைக்கடியில் கட்டில். கூட வருகிற பெண்டாட்டிக்கும் ஒரு கட்டில். சாப்பாடு ஆபீசர்களுடைய சமையலறையிலிருந்து.

மண்ணடியிலிருந்து மலேயாவுக்கு நடையாய் நடக்கிற வியாபாரிகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. எங்க ஆளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி இவர் வடக்கே போனதில்லை. ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் வேதாகமம் மாதிரி படித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். சிங்கப்பூர் வரை போனாலும் ஒரு முத்திரைதான். வழியில் நாகப்பட்டினத்தில் இறங்கிவிட்டாலும் ஒரு முத்திரைதான்.

"அவ்ளோ தூரம் சிங்கப்பூர் போய் முத்திர வாங்கறவன் கேனையன்மே" என்றார். "நாகப்பட்ணம் போய்ட்டு ரயில்ல திரும்பிட்டா அதே முத்திர. இன்னா தலை பாத்தியா?"

பார்த்தேன். தலையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இரண்டு வருஷத்துக்குள் எட்டு தடவை நாகப்பட்டினம் போனார். போவது கப்பலில், வருவது ரயிலில் நின்றுகொண்டு. இருந்த லீவெல்லாம் அதிலேயே போயிற்று. என் அம்மாவின் வருஷப் பூசைக்கு இவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கென்று ஆசையாய் ஒரு பொட்டலம் வாங்கி வருவார். கருவாடு. காசிமேட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறவளுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கருவாடு! அதை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

ஏன்யா இப்படி அலைகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டுச் சொன்னார். "பதினெட்டு வருசமா கப்பல் ஏணிக்கு அடியில நிக்கறேன் மேரி. வில்ல போட்டவன் வந்தா, 'ஏய் டாலி, ஓரம் போ'ன்றான் கேட் ஆளு. ஒரே ஒரு தபா நான் ஏறணும். அவன் ஓரம் போவணும்." அதைக் கேட்டு எனக்குப் பாவமாய் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பாவம் அடுத்த கருவாட்டுப் பொட்டலம் வரைக்கும்தான் தாங்கியது.

இந்த நிலையில் பினாங்கிலிருந்து என் அக்காவின் கடிதம் வந்தது. ஃபிலோமினா அக்கா கல்யாணமாகிச் சில வருஷம் ராயபுரத்தில் இருந்துவிட்டு அத்தானோடு அங்கே போனவள். அத்தான் செத்து இரண்டு வருஷம். அவள் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டி வர அப்பா இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெரிய ஆட்கள், நம் பக்கம் ஒரு ஆம்பளைகூட இல்லையா என்று ஏற்கெனவே பேச்சு. நம் வீட்டு ஆள் வருவார் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும்" என்று எழுதியிருந்தாள். அடியில் ஸ்டெல்லா தன் கையால் நாலு வரி எழுதியிருந்தாள். "சித்தப்பா, நீங்கள் வந்துதான் என்னைக் கூட்டிப் போக வேண்டும். வேறு யார் கையையும் நான் பிடிக்க மாட்டேன்."

ஐந்து வயதில் கப்பலேறிய பெண். இங்கே இருந்த காலத்தில் இவர் தோளைவிட்டு இறங்க மாட்டாள். கடிதத்தைப் படித்து மனுஷன் அழுதே விட்டார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தார்.

"எட்டு கீது. மெட்ராஸ்லேர்ந்து நாகப்பட்ணம் ஒம்போது. அங்க எறங்கி ஏஜெண்டு ஆபீஸ்ல முத்திர போட்டுகினு திரும்ப ஏறுனா பத்து! நாகப்பட்ணத்துலேர்ந்து நீயும் நானும் கட்டில்ல படுத்துகினு போறோம்மே!"

அவர் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சரி என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

தம்புச்செட்டித் தெருவில் சாம்பல் கலரில் கோட்டு தைத்தோம். பீடம் வரைக்கும் நடக்கிறவர் ஜிப்பாவோடு போக முடியுமா? கோட்டைப் பெட்டியில் வைத்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று ஹாங்கரில் மாட்டி, மேலே பழைய வேட்டியைச் சுற்றி, கையில் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு ரிக்‌ஷாவில் வந்த அரை மணியில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, உள்ளே என்ன பொணமா என்று கேட்டார்கள்.

வெளிநாடு போகிற எவரும் முதலில் காண்பது கடலை அல்ல, முன்னால் நிற்கிறவன் முதுகை. காலையில் வந்து நின்ற வரிசை மத்தியானம்வரை அப்படியே நின்றது. அம்மை ஊசிச் சீட்டைக் காட்டு, பெட்டியைத் திற, பெட்டியை மூடு, மறுபடி திற. தாரும் மீனும் நிலக்கரிப் புகையும் கலந்த எங்க ஊர் வாசனை எனக்குப் பழக்கம். பக்கத்தில் நின்ற புதுக்கோட்டை அம்மாள்தான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மதராஸா இது என்று என்னையே கேட்டாள். ஊர் முழுக்கச் சோறு போடுகிற இடம் இது, மூக்கைத் திறந்துவை என்றேன்.

இவருடைய கூட்டாளிகள் ஏணியடியில் காத்திருந்தார்கள். "இன்னா நைனா, நீயே சரக்காயிட்டியா? உன்ன எந்தச் சீட்டுல டாலி போடறது?" என்று ஒருத்தன் கத்தினான். இவர் கையை உயர்த்தி, "திரும்பி வரசொல்லோ பாரு. வில்லையோட வருவேன்" என்றார். ஏணிப்படியில் நின்றுகொண்டு அப்படி ஒரு சவடால்.

திறந்த தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது பாய் அளவு இடம். இந்தப் பக்கம் புதுக்கோட்டை அம்மாள், அந்தப் பக்கம் காதர் பாய். மண்ணடிக்காரர், பினாங்கில் கைலிக் கடை வைத்திருக்கிறார், வெள்ளைத் தாடி. அவர் சட்டையில் பித்தளை வில்லை இருந்தது. அதைப் பார்த்ததும் எங்க ஆளுக்குக் கண் விரிந்துவிட்டது.

"உங்களுக்கு மேல கட்டில் இருக்குமே பாய், ஏன் இங்க?" என்று கேட்டார்.

"மூட்டையெல்லாம் இங்கதான தம்பி கெடக்குது. நான் மேல போய்ப் படுத்தா மூட்டைய யார் பாக்குறது?" என்றார் பாய். "ரெண்டு தடவை படுத்துப் பாத்தேன். கான்வாஸு தொய்ஞ்சு முதுகு புடிச்சுக்கிச்சு. தரைதான் சுகம்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்? எங்க ஆள் காதில் ஏறவில்லை. வில்லையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று பாயிடம் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

கப்பல் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியத் தட்டு, ஒரு குன்று சோறு, அதன் மேல் பருப்பு என்று சொல்லி ஊற்றிய மஞ்சள் தண்ணீர். கூட ஒரு வறுத்த மீன். அந்த மீனைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. காசிமேட்டில் அப்படி ஒன்றைக் கூடையில் வைத்தால் பூனைகூட விசாரிக்காது. குளியலறை, கழிப்பறை பற்றி எழுத மாட்டேன். கலீஜ். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்தபோது நாகப்பட்டினம். அங்கே மதராஸ் மாதிரி சுவர் கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் படகுதான். அன்று வெங்காய மூட்டைகள் படகு படகாய் வந்துகொண்டிருந்தன. மலேயாக்காரன் வெங்காயத்துக்கு இப்படியா ஏங்கிக் கிடக்கிறான் என்று ஆச்சரியமாய் இருந்தது.

"முத்திர போட்டுகினு பத்து மணிப் படகுல வந்துடறேன்" என்று இவர் இறங்கினார். கடலைப் பார்த்தேன். அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. வேண்டாம்யா, ஒன்பதே போதும், கல்யாணத்தைப் பார் என்றேன். "பேஜாரு பண்ணாத. தோ, கரை தெரியுது பாரு" என்றார். கடைச் சரக்கு விஷயமாய்க் கரையில் வேலை இருந்ததால் காதர் பாயும் அதே படகில் போனார்.

பத்து மணிப் படகில் காதர் பாய் மட்டும் திரும்பி வந்தார். கூடவே ஏஜெண்டு ஆபீஸ் ஆள் ஒருத்தன் காகிதத்தோடு ஏறினான்.

"எங்க பாய் அவரு?" என்றேன்.

பாய் தாடியைத் தடவினார். "முத்திரை அப்பவே விழுந்துட்டுதும்மா. வில்லையும் குடுத்துட்டான். ஆனா அதுல பேரு வெட்டித் தர்ற ஆசாரி வரலை. திரும்பி வர்றப்ப வெட்டிக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னான், நானும் சொன்னேன். கேக்கல. பேரு இல்லாத வில்லையப் போட்டுக்கிட்டு எப்புடி ஏறுறதுன்னு உக்காந்துட்டாரு. காத்து ஏறுது தம்பி, வாங்கன்னேன். 'இன்னும் பாதி வெங்காயம் ஏறல பாய். டாலி முடியாம, சீட்டுல கையெழுத்து ஆவாம எந்தக் கப்பலும் கெளம்பாது. எனக்கா தெரியாது?' அப்புடின்னாரு."

எழுந்து போய்க் கரையைப் பார்த்தேன். இவர் சொன்னது மதராஸில் வேதவாக்கு. அங்கே கப்பல் சுவரோடு கட்டிக் கிடக்கும், சீட்டு முடிய இரண்டு நாள் ஆனாலும் ஆகும். ராயபுரத்துக்காரன் எவனும் கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்று நம்ப மாட்டான். ஆனால் இது திறந்த கடல். காற்று ஏறினால் கேப்டன் வெங்காயத்தைப் பார்ப்பானா, கப்பலைப் பார்ப்பானா?

பதினோரு மணிக்குக் கரையில் கொடி ஏற்றினார்கள். படகு நிறுத்தம். பன்னிரண்டுக்குள் நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறுகிற சத்தம் கேட்டது. கரைக்குப் பாதி வழியில் வெங்காயப் படகுகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. நான் ஓடிப்போய் பர்சரின் சட்டையைப் பிடித்தேன். பயணிகளைக் கவனிக்கிற அதிகாரி அவர்தான், தமிழ் புரிகிற மலையாளி.

"என் வீட்டுக்காரர் கரையில இருக்கார்! நிறுத்துங்க!"

"அம்மா, காற்று வருது. கப்பல் நிற்காது."

"டாலி சீட்டு? டாலி சீட்டு ஆகலையே!" என்று கத்தினேன். இருபது வருஷம் கேட்டுக் கேட்டு அந்தப் பைத்தியம் எனக்கும் ஒட்டியிருக்கிறது. பர்சர் என்னை ஏதோ மாதிரி பார்த்தார்.

கரை சின்னதாகிக்கொண்டே போனது. அங்கே எங்கேயோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பித்தளையில் தன் பெயர் வெட்டப்படுவதை மனுஷன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். அடப்பாவி. அந்தப் பெண் உன் கைக்காகக் காத்திருக்கிறாளே என்று வாய்விட்டே அழுதேன். புதுக்கோட்டை அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். மூக்கைப் பொத்தினவள் என்று நான் ஏசின அதே அம்மாள்தான்.

அடுத்து நடந்த கூத்தைக் கேளுங்கள். சாயங்காலம் பர்சர் ஒரு காகிதத்தோடு வந்து, "சவரிமுத்து யார்?" என்றார். ஏஜெண்டு ஆபீஸ் ஆள் பத்து மணிக்கே கொண்டுவந்த பட்டியலில் புதிய நிலைப் பயணியாக இவர் பெயர் இருந்தது. மேல்தளத்தில் கட்டில் போட்டு, பெயர் எழுதி, அட்டையும் தொங்கவிட்டாயிற்று.

"அவர் கரையில். நீங்கதானே விட்டுட்டு வந்தீங்க" என்றேன்.

"அப்படியானால் கட்டில் காலி."

"நான் அவர் பெண்டாட்டி. எனக்கும் ஒண்ணு உண்டுன்னு சொன்னாங்களே."

"நிலைப் பயணியோடு பயணம் செய்கிற மனைவிக்கு உண்டு. நீங்கள் நிலைப் பயணியோடு பயணம் செய்யவில்லை."

"சரி, அவர் கட்டில்லயாவது படுத்துக்கறேன்."

"அது அவர் பெயரில் இருக்கிறது அம்மா. வேறு யாரும் படுக்கக் கூடாது."

இப்படி ஒரு நியாயத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. ஆள் இல்லாததால் எனக்குக் கட்டில் கிடையாது. ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு அவர் கட்டிலும் கிடையாது. மழை தூற ஆரம்பித்ததும் மேல்தளக் கூரைக்கடியில் ஒதுங்க மட்டும் பர்சர் விட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டேன். கையில் கோட்டு. ஆறு நாள் நான் இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்க முடியுமா? "கோட்டு அவருடையது. பேரு அவருடையது. இது படுக்கலாமா கூடாதா?" என்று கேட்டேன். பர்சர் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். கோட்டைக் கட்டிலில் நீட்டிப் படுக்கவைத்தேன்.

மூன்றாம் நாள் ஆபீசர் சமையலறையிலிருந்து நிலைப் பயணிக்கான சாப்பாடு தட்டில் மூடி வந்தது. அட்டையைப் பார்த்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போனான் சமையல்காரன். கோழி வறுவல், ரொட்டி, ஒரு ஆரஞ்சு. கோட்டு சாப்பிடாது என்பதால் நான் சாப்பிட்டேன். அந்த வில்லையால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான், அதுவும் ஒரு வேளைக்கு. மறுநாள் பர்சர் அதையும் நிறுத்திவிட்டார்.

நான்காம், ஐந்தாம் நாள் கடலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தலை தூக்க முடியாமல் கிடந்தேன். காதர் பாய் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார். "ஆம்பளைங்களுக்கு இது ஒரு நோவும்மா. எனக்கும் இருந்துச்சு. பத்தாவது முத்திரைக்காக ஒரு தடவை நான் சும்மாவே பினாங்கு போய்ட்டு அதே கப்பல்ல திரும்பி வந்தேன்" என்றார்.

"நீங்களுமா பாய்!"

"யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார். அவர் பெயர் காதர் இல்லை, அதனால் எழுதலாம்.

ஏழாம் நாள் பினாங்கு. ஊர் என்னமோ அழகுதான், சொல்லத்தான் வேண்டும். துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் தெரு துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் பயணி முன்னால் உட்கார்ந்து வருகிறார், ஓட்டுகிறவன் பின்னால். எங்க ஊரில் ரிக்‌ஷாக்காரன் முதுகைப் பார்த்துக்கொண்டு அவனோடு சண்டை போட்டபடி போகலாம். இங்கே லாரி வந்தால் முதலில் இடிபடுவது நாம்தான். அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சீனன் கடையில் பட்டை பட்டையான நூடுல்ஸை முட்டையும் இறாலும் போட்டு வறுத்துக் கொடுத்தான். இரண்டு தட்டு தின்றேன். துக்கத்திலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. இறால் விஷயத்தில் மட்டும் எண்ணூரை எவனும் அடித்துக்கொள்ள முடியாது.

அக்கா வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். என் கையில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள்.

"தந்தி வந்துச்சு மேரி" என்றாள்.

வாங்கிப் படித்தேன். "வில்லை கிடைத்தது. கப்பல் போய்விட்டது. மன்னிக்கவும். சவரிமுத்து." வரிசையைப் பாருங்கள். மன்னிப்பு கடைசியில். அடுத்த கப்பல் வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். விமானத்தில் வருவதற்கு எங்கள் பரம்பரையையே விற்க வேண்டும். வரப்போவதில்லை, அவ்வளவுதான்.

ஸ்டெல்லா உள்ளேயிருந்து வந்தாள். நெட்டையாய் வளர்ந்திருந்தாள். தந்தியை அவளும் படித்திருக்கிறாள். "வில்லைன்னா என்ன சித்தி?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாகப்பட்டினம், ஆசாரி, வெங்காயம், எல்லாம். என்னமோ சமாதானமாகச் சொல்லலாம் என்று ஆரம்பித்து, சொல்லச் சொல்லக் கோபம் ஏறிக் கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. "பேரு வெட்றதுக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை ஜேம்ஸ் தங்கமான பையன், பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய பெரியப்பாதான் சனியன். எஸ்டேட்டில் கிராணியாய் இருந்தவர், கிராணி என்றால் அங்கே கணக்கெழுதுகிற உத்தியோகம், அதற்கு அவர் நடந்த நடையில் எஸ்டேட்டே அவருடையது என்று நினைப்பீர்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் நாலு பேரோடு வந்து உட்கார்ந்தார். "பொண்ணு வீட்டு ஆம்பள கடல்ல குதிச்சிட்டாரா?" என்று கேட்டார், கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "பரவாயில்ல. எங்க ஆள்ல ஒருத்தரையே அனுப்புறோம். நாங்களே கூட்டிட்டு வந்து நாங்களே வாங்கிக்கிறோம். அனாதைப் பொண்ண எடுத்த மாதிரி புண்ணியமா போவும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை. "அனாதையா? ராயபுரத்துலேர்ந்து ஏழு நாள் தரையில படுத்துகினு வந்தவ நான் இங்க நிக்கறேன், என் கண்ணுக்கு முன்னால அனாதைன்றியா?" என்றேன். டைப்பிஸ்டின் நாகரிகமெல்லாம் போய்க் கல்மண்டபம் வாயில் வந்துவிட்டது. "என் அக்கா பொண்ண நான் கூட்டிகினு வருவேன். நீ பீடத்தாண்ட நின்னு பாரு."

அது நடக்கிற காரியமா என்று கோயில் சாமியாரிடமே போனார் கிராணி. சாமியார் சீனர், கிழவர். ஆங்கிலத்தில் கேட்டார், ஆங்கிலத்திலேயே சிரித்தார். "பெண்ணை யார் கூட்டி வருவது என்று திருச்சபையில் சட்டம் ஒன்றும் இல்லையே. பெண் வந்தால் போதும்" என்றார்.

மறுநாள் காலை மாம்பழக் கலர் பட்டுப் புடவையோடு கோயில் வாசலில் நின்றேன். வாய் பேசியாயிற்று, இனி நடக்க வேண்டும். ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சித்தி, மெதுவா நடங்க. ஓடாதீங்க" என்றாள். ஆர்கன் வாசித்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை முகத்தையும் நான் கண்ணோடு கண் பார்த்தபடி நடந்தேன். கிராணி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் கையில் அவள் கையை வைத்தபோது எனக்குப் பெருமையாய் இருந்தது, அதே சமயம் அந்த மனுஷன் மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. இது உன் இடமய்யா. உனக்கென்று ஒரு பெண் பிடித்து வைத்திருந்த இடம்.

அங்கே பெண் வீட்டு விருந்து என்று ஒன்று உண்டு, நம் வழக்கம்தான். ஸ்டெல்லாவுக்குப் பிறந்த வீடு என்றால் ராயபுரம். ஜேம்ஸுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. இரண்டு பேரும் என்னோடு கப்பலேறினார்கள். திரும்பும் பயணத்தைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. மூன்று பேரும் தரையில்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் நின்றபோது நான் கரைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

வழி முழுக்க நான் ஒரு வேலை செய்தேன். அவரைப் பார்த்ததும் என்னென்ன சொல்வது என்று வரிசையாய் யோசித்து வைத்தேன். எதை முதலில், எதை ஏணியடியில், எதை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு. அவர் பரம்பரைக்கே போதும்படி சேர்த்திருந்தேன்.

மதராஸ் சுவரில் கப்பல் அணைந்தது. கீழே ஏணிக்கு நேர் அடியில் முதல் ஆளாய் நின்றார். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், இடது பக்கம் பித்தளை வில்லை. கையில் இரண்டு ரோஜா மாலை. கேட் ஆள் அவருக்காக ஜனங்களை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தான். வில்லையைப் பார்த்ததும் எனக்குக் கண் சிவந்தது. விடுவிடுவென்று இறங்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் இறங்கிய பெண்ணைத்தான் பார்த்தார்.

"ஸ்டெல்லாக் கண்ணு! வாடா கண்ணு வா!" குரல் உடைந்துவிட்டது. மாலையை அவள் கழுத்தில் போட்டார், அவசரத்தில் அது காதில் மாட்டிக்கொண்டது. "படகு நின்னு போச்சும்மா. காத்து அப்டி அடிச்சுது. இல்லாங்காட்டி நான் வராம இருப்பனா? சொல்லு, இருப்பனா?"

"பரவாயில்லை. நல்லா இருக்கீங்களா?" என்றாள் ஸ்டெல்லா. சிரித்த முகம்தான்.

பின்னால் பெட்டியோடு வந்த ஜேம்ஸ், "இவங்க யாரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் ஒரு நொடி யோசித்தாள். "எங்க சித்தியோட வீட்டுக்காரர்" என்றாள்.

கோபமாய்ச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அடுத்த வீட்டுக்காரரை அறிமுகப்படுத்துகிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். இரண்டாவது மாலையை நீட்டின இவர் கை அப்படியே நின்றுவிட்டது. ஏழு நாள் நான் வரிசை போட்டு வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சித்தப்பான்னு சொல்லுடி என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லிக்கொடுத்து வருகிற வார்த்தையா அது?

அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். மாலையை ஜேம்ஸ் கழுத்தில் போட்டு, ரோஜா இதழ் ஒன்று சட்டையில் விழுந்ததைத் தட்டிவிட்டார்.

"ஆமா தம்பி" என்றார். "மேரி வூட்டுக்காரன்தான் நானு. பெட்டியக் குடுங்க, நான் தூக்கறேன்."